வாடகைக்கு இருப்பவர்களுக்கு எந்த வீட்டு இன்சூரன்ஸ் சரி: பாரத் கிரஹ ரக்ஷாவா, பேக்கேஜ் பாலிசியா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னை வேளச்சேரியில் தரைத்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். முழங்காலுக்கு மேல் தண்ணீர். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், மெத்தை, பீரோவின் கீழ்த்தட்டுத் துணி எல்லாம் போயிற்று. ரேஷன் அட்டைக்கு அரசு கொடுத்த 6,000 ரூபாய் அந்த வாரத்துக்குப் பெரிய உதவி, ஆனால் அதில் ஒரு ஃப்ரிட்ஜ் வராது. ஹவுஸ் ஓனர் இன்சூரன்ஸ் போட்டிருக்கிறாரே, அதில் நமக்கும் ஏதாவது வரும் என்று நினைத்திருந்தேன். வராது. அவருடைய பாலிசி அவருடைய கட்டடத்துக்கு. அபார்ட்மென்ட் சங்கம் எடுக்கும் பாலிசியும் கட்டடத்துக்கும் பொது இடங்களுக்கும்தான். உங்கள் கட்டிலுக்கும் டிவிக்கும் நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

சரி, எதை எடுப்பது?

பாரத் கிரஹ ரக்ஷா என்பது 2021 ஏப்ரல் 1 முதல், இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் அமைப்பான ஐஆர்டிஏஐ கொண்டுவந்த பொதுவான வீட்டு பாலிசி. எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் அடிப்படை விதிகள் ஒன்றுதான். கட்டடத்தை விட்டுவிட்டு வீட்டுப் பொருட்களுக்கு மட்டும் எடுக்கலாம், இது பலருக்குத் தெரிவதில்லை. "கட்டட மதிப்பில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை பொருட்களுக்குத் தானாகக் கிடைக்கும்" என்று ஏஜென்ட் சொன்னால் அது சொந்த வீட்டுக்காரர் கணக்கு, நமக்கு அது பொருந்தாது. நம் பொருட்களின் மதிப்பை நாமே சொல்லி எடுக்க வேண்டும். தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம், கலவரம், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடிப்பது எல்லாம் இதில் அடக்கம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, மதிப்பைக் குறைத்துச் சொல்லியிருந்தாலும் க்ளைமை அந்த விகிதத்தில் வெட்ட மாட்டார்கள் என்பது. மற்ற பாலிசிகள் பலவற்றில் 6 லட்சம் பெறும் பொருட்களுக்கு 3 லட்சம்தான் போட்டிருந்தால், 1 லட்சம் நஷ்டத்துக்கு 50,000 கொடுப்பார்கள். பாதிதானே இன்சூர் செய்தீர்கள் என்பது அவர்கள் கணக்கு. நடுத்தரக் குடும்பத்தில் யார் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் விலை போட்டு வைத்திருக்கிறோம்?

குறை என்னவென்றால் திருட்டு. வெள்ளமோ தீயோ வந்து, அதன் காரணமாக 7 நாளுக்குள் நடக்கும் திருட்டுக்கு மட்டுமே இதில் பணம் உண்டு. தீபாவளிக்கு ஊருக்குப் போன நேரத்தில் பூட்டை உடைத்தால் ஒன்றும் கிடைக்காது. பணம், பத்திரங்கள் சேராது, நகைக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும். ஷார்ட் சர்க்யூட்டில் டிவி மட்டும் கெட்டுப்போனால் அதற்கும் இல்லை.

பேக்கேஜ் பாலிசி இந்த ஓட்டைகளை அடைக்கப் பார்க்கிறது. பூட்டு உடைத்துத் திருடுவது, மின்சாதனப் பழுது, நகை எனப் பிரிவு பிரிவாக இருக்கும், வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளலாம். பிரீமியம் கூடும், விதிகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். திருட்டுப் பிரிவில் பொதுவாக உடைத்து நுழைந்த தடயமும் எஃப்ஐஆரும் கேட்பார்கள். சாவியை ஷூ ரேக்கில் வைத்துவிட்டுப் போய், திருடன் அதால் திறந்திருந்தால் க்ளைம் கிடைப்பது கடினம். பொருளின் வயதுக்கு ஏற்பத் தேய்மானம் கழிப்பார்களா என்றும், எத்தனை நாள் பூட்டிப்போட்டால் திருட்டுக் கவர் நின்றுவிடும் என்றும் எடுப்பதற்கு முன்பே கேளுங்கள்.

என் முடிவு: வேளச்சேரி, முடிச்சூர் போன்ற தாழ்வான பகுதியில் தரைத்தளம் என்றால் யோசிக்காமல் பாரத் கிரஹ ரக்ஷா, பொருட்களுக்கு மட்டும். மழை எச்சரிக்கை வந்த பிறகு ஓடினால் பயனில்லை, செப்டம்பருக்குள் எடுத்துவிடுங்கள். மூன்றாவது மாடியில் இருந்துகொண்டு, இருவரும் வேலைக்குப் போய், வீடு பகலெல்லாம் பூட்டிக் கிடந்தால் திருட்டுப் பிரிவு உள்ள பேக்கேஜ்தான் பொருந்தும்.

அப்புறம், 11 மாத ஒப்பந்தம் முடிந்து வீடு மாறினால் பாலிசி தானாகக் கூடவே வராது. சாமான் ஏற்றும் முன்பே கம்பெனிக்கு எழுதிப் புது விலாசத்தைப் பாலிசியில் ஏற்றிக்கொள்ளுங்கள். பொருட்களின் பில்லையும், அறை அறையாக எடுத்த வீடியோவையும் ஃபோனில் மட்டும் வைக்காமல் மெயிலுக்கும் அனுப்பி வையுங்கள். எங்கள் பில் எல்லாம் அந்த பீரோவின் கீழ்த்தட்டில்தான் இருந்தது.