மலை வீட்டுக்குக் கோடைக் காற்று: ஜன்னலா, ஃபேனா, எக்ஸாஸ்டா, கூரைத் திறப்பா?

குன்னூர், கோத்தகிரி, ஊட்டி பக்கம் ஏப்ரல் பிறந்தால் எலக்ட்ரிக் கடை வாசலில் ஃபேன் பெட்டிகள் அடுக்கியிருப்பதைப் பார்க்கலாம். "ஊட்டியில் எதுக்கு ஃபேன்?" என்று கீழேயிருந்து வரும் சொந்தக்காரர்கள் கேட்ட காலம் போய்விட்டது. 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியிலேயே 29 டிகிரி பதிவானது. ஆனாலும் ஃபேன் வாங்க ஓடுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கோடைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் யோசனைகள் சமவெளி வீடுகளுக்கானவை. பகலில் ஜன்னலைச் சாத்து, திரையை இழுத்துவிடு, ராத்திரி திற என்பார்கள். மலையடிவார மேட்டுப்பாளையத்துக்கு அது சரி. மதியம் வெளியே 38 டிகிரி அடிக்கும்போது ஜன்னலைத் திறந்தால் அனல்தான் வரும். ஆனால் ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் அதே மதியம் வெளியே 25, 26 டிகிரிதான் இருக்கும். வெயிலில் காய்ந்த தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் அறையோ அதைவிடச் சூடு. அதாவது இங்கே பட்டப்பகலிலும் வெளிக்காற்றுதான் குளிர்ச்சி. எனவே உள்ளே இருக்கும் காற்றைச் சுழற்றுவதைவிட அதை வெளியே அனுப்பிப் புதுக்காற்றை எடுப்பதில்தான் பலன் அதிகம். எல்லா வழிகளையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

முதலில் ஜன்னல். மலைச்சரிவில் பகலில் காற்று பள்ளத்தாக்கிலிருந்து மேலே ஏறும், இரவில் மேலிருந்து கீழே இறங்கும். நம் வீடுகளோ பெரும்பாலும் சரிவை வெட்டி, முன்வாசலைப் பள்ளத்தாக்குப் பக்கம் வைத்துக் கட்டியவை. பகல் காற்று நேராக முன்ஜன்னலுக்கே வருகிறது. வந்த காற்று போகத்தான் வழியில்லை. பின்சுவருக்கும் வெட்டிய மண்ணுக்கும் நடுவே ஒரு ஆள் நுழையும் சந்து, அதில் மழைத்தண்ணீர்க் கால்வாய். குளிருக்குப் பயந்து அந்தப் பக்கம் ஜன்னலே வைக்காமல் விட்டிருப்பார்கள், வைத்தாலும் கையகலம். முன்னால் எத்தனை ஜன்னலைத் திறந்தாலும் பின்னால் வெளியேற இடம் எவ்வளவோ அவ்வளவு காற்றுதான் ஓடும்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மதியம் வெயில் ஏறிய அறையின் கதவைப் பாதி திறந்து வைத்து, ஒரு ஊதுபத்தியைத் தரையோரம் பிடியுங்கள். புகை அறைக்குள் சாயும். அப்படியே மேலே கொண்டுபோய்க் கதவின் உச்சியில் பிடித்தால் புகை வெளியே ஓடும். நடுவில் ஓரிடத்தில் எந்தப் பக்கமும் சாயாமல் நேராக நிற்கும். சூடான காற்று மேல்வழியாகப் போக, அந்த இடத்துக்குக் குளிர்காற்று கீழ்வழியாக வருகிறது. காற்றே அசையாத நாளிலும் இது நடக்கும். ஒரே கதவுக்குள் நடக்கும் இந்த வேலையை, கீழே ஒரு வழி, மேலே ஒரு வழி என்று பிரித்துக் கொடுத்தால் இரண்டுக்கும் இடையிலான உயரம் கூடக் கூட ஓட்டமும் கூடும். பழைய பங்களாக்களில் சுவர் உச்சியில் கயிறு இழுத்துத் திறக்கும் சின்ன ஜன்னல்கள் வைத்தது இதற்குத்தான். புதிதாகக் கட்டும் கான்கிரீட் வீடுகளில் அதை விட்டுவிட்டது பெரிய இழப்பு.

ஜன்னலுக்கு எதிரி வெயில் இல்லை, குரங்கு. குன்னூரில் ஜன்னலைத் திறந்துவிட்டுக் கடைக்குப் போக முடியாது. கோத்தகிரி பக்கம் சமையலறை வாசனைக்குக் கரடியே வருகிறது. கிரில்லுக்கு வெளியே வெல்ட் மெஷ் (பற்றவைத்த கம்பிவலை) அடித்துவிட்டால் குரங்குக்குக் கவலையில்லை. கண்ணி சிறிய கொசுவலை காற்றை நிறையவே தடுக்கும், உங்கள் பகுதியில் கொசு இல்லையென்றால் அதைப் போடாதீர்கள். கரடி வரும் இடங்களில் கீழ்ஜன்னலை ராத்திரி சாத்திவிட்டு உயரத்தில் இருப்பதை மட்டும் திறந்து வைப்பதுதான் புத்திசாலித்தனம். அப்புறம், சாயங்காலம் மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கும்போது எல்லாவற்றையும் சாத்துங்கள். இல்லாவிட்டால் துணியெல்லாம் நமத்துப்போகும்.

சீலிங் ஃபேன் அறையைக் குளிர்விக்காது. உடம்பில் காற்று பட்டு வியர்வை உலர்வதால் நமக்குத்தான் குளிர்ச்சி. ஆளில்லாத அறையில் ஓடுவது வீண். கான்கிரீட் தளத்துக்குக் கீழே, ஜன்னலும் திறந்திருந்தால், அது நன்றாகவே உதவும். சீலிங் போடாத தகரக் கூரைக்குக் கீழே மாட்டினால், உச்சியில் தேங்கிய வெக்கையைத் தலைமேல் இறக்கும். பழைய மலை வீடுகளில் இன்னொரு சிக்கல்: கூரையில் கொக்கி கிடையாது, பலகை சீலிங்கும் தாழ்வு. இறக்கைக்கும் தரைக்கும் குறைந்தது 7 அடி இல்லாத அறையில் மாட்டாதீர்கள். வாங்குவதென்றால் பிஎல்டிசி, அதாவது பிரஷ் இல்லாத டிசி மோட்டார் வைத்த ஃபேன், வாங்குங்கள். சாதாரண ஃபேன் 75 வாட் இழுக்கும், இது 30 வாட்டோடு நிற்கும்.

எக்ஸாஸ்ட் ஃபேனைச் சமையலறைச் சாமான் என்றே நினைத்துவிட்டோம். சரிவை ஒட்டிய வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி எனக்குத் தெரியவில்லை. பின்சுவர் உச்சியில் ஒன்று பொருத்தி, முன்ஜன்னலைத் திறந்துவைத்தால், பள்ளத்தாக்குக் காற்று வீடு முழுக்க நடந்து பின்னால் வெளியேறும். திசையை மாற்றிவிடாதீர்கள். பின்சந்து நிழலாகக் குளிர்ந்துதான் இருக்கும், அங்கிருந்து உள்ளே இழுக்கலாமே என்று தோன்றும். ஆனால் அந்தக் காற்றில் ஈரமண் வாடையும் பூஞ்சையும் சேர்ந்தே வரும்.

ஒரு எச்சரிக்கை உண்டு, இதை அலட்சியம் செய்யக்கூடாது. எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டு எக்ஸாஸ்டைப் போட்டால், அது எங்கிருந்தாவது காற்றை இழுக்கும். கணப்பு உள்ள வீட்டில் புகைபோக்கி வழியாகவே இழுக்கும். அடுப்பில் கரி கனிந்துகொண்டிருந்தாலோ, குளியலறையில் கேஸ் கீசர் ஓடினாலோ, மேலே போக வேண்டிய கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்பும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. எக்ஸாஸ்ட் ஓடும்போது ஒரு ஜன்னல் திறந்தே இருக்க வேண்டும்.

தகரம் அல்லது ஷீட் போட்ட வீடென்றால் என் முதல் செலவு கூரைக்குத்தான். வெக்கை உற்பத்தியாகும் இடமே அது. கூரைக்கும் பலகை சீலிங்குக்கும் நடுவே உள்ள இடைவெளியில் காற்று வெந்துகொண்டிருக்கும், அது இறங்குவதால்தான் ராத்திரி எட்டு மணிக்கும் அறை புழுங்குகிறது. பக்கச்சுவரின் முக்கோணப் பகுதியில், இரண்டு முனையிலும் சாய்பலகை வைத்த திறப்பு விட்டால் கரண்ட் செலவில்லாமல் அந்தச் சூடு போய்விடும். மழை அடிக்காதபடி பலகை வெளிப்பக்கமாகக் கீழ்நோக்கிச் சாய வேண்டும், உள்பக்கம் வலை வேண்டும், டிசம்பர் ஜனவரி உறைபனிக்குச் சாத்த ஒரு மூடியும் வேண்டும். கூரைமேல் சுழலும் டர்போ வென்டிலேட்டரும் இதே வேலையைச் செய்யும். ஆனால் அதற்குக் கூரையில் ஓட்டை போட வேண்டும். வடகிழக்குப் பருவமழை வாங்கும் குன்னூர், கோத்தகிரியிலும், தென்மேற்கு மழை கொட்டும் கூடலூரிலும் அந்த ஓட்டையைச் சுற்றி ஒழுகாமல் பார்த்துக்கொள்வது தனி வேலை. நான் முக்கோணத் திறப்பையே சொல்வேன். தொழிலாளர்களுக்கு ஒரே வரிசையாக ஒட்டிக் கட்டிய எஸ்டேட் லைன் வீடுகளில் நடுவீட்டுக்கு மட்டும் இது முடியாது, இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். அங்கே முன்கதவுக்கு மேலே, முடிந்த அளவு உயரத்தில் ஒரு திறப்பும், ஷீட்டுக்கு வெள்ளைப் பெயின்ட்டும்தான் கைக்கு எட்டும் வழி.

நம் ஊரிலேயே இதற்குப் பாடம் நிற்கிறது. பழைய டீ ஃபாக்டரிகளின் மேல்மாடிகளில் வரிசையாக எத்தனை ஜன்னல்கள் என்று பாருங்கள். பறித்த இலை வாடுவதற்காக, காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும்படி கட்டியவை அவை.

ஏசி, ஏர்கூலர் இரண்டையும் நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஸ்ப்ளிட் ஏசி உள்காற்றையே திருப்பித் திருப்பிக் குளிரவைக்கும், புதுக்காற்று எடுக்காது. ஒன்றரை டன் ஏசியின் கம்ப்ரசர் ஓடினால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை யூனிட். கூலர் காற்றில் ஈரத்தைக் கூட்டும். பூஞ்சையோடு வருஷம் முழுக்க மல்லுக்கட்டும் மலை வீட்டில் அது தேவையில்லாத வேலை.

வாடகை வீட்டில் சுவரை இடிக்க விட மாட்டார்களே என்றால், ஒரு டேபிள் ஃபேனை எடுத்துப் பின்பக்க ஜன்னலில் வெளியே பார்த்து வையுங்கள். ஆளைப் பார்த்து அல்ல, வெளியே பார்த்து. ஜன்னலின் மிச்ச இடத்தை அட்டையால் மறைத்து, முன்கதவைத் திறந்துவிட்டு, சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் மஞ்சு இறங்கும் வரை ஓடவிட்டால் அதுவே எக்ஸாஸ்ட்.