பெட்டியில் வந்த பாடமும் வீட்டில் சேர்த்த பாடமும்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோபாலபுரம் சோதனைச்சாவடிக்குப் போகும் வழியில் எங்கள் வீடு. கணவர் பொள்ளாச்சிச் சந்தைக்குத் தேங்காய் அனுப்புகிறார்; நான் வீட்டில் தையல் வேலை பார்க்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் மூத்தவனைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்கவைப்பது என்று முடிவானபோது, முதலில் காசு கொடுத்து ஒரு பாடத்திட்டத்தை வாங்கினோம். ஓராண்டு கழித்து அதை விட்டுவிட்டு நாங்களே ஒன்றைச் சேர்த்துக்கொண்டோம். இரண்டையும் நடத்திப் பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன். இரண்டாவதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வாங்கியது ஒரு பெட்டியும் ஓர் ஆன்லைன் கணக்கும். பெட்டியில் வண்ணப் புத்தகங்களும், எழுதி நிரப்பும் பயிற்சி ஏடுகளும், கணக்கு அட்டைகளும் இருந்தன. ஆன்லைன் கணக்கில் வாரம் நான்கு நேரலை வகுப்புகளும் அவற்றின் பதிவுகளும் இருந்தன. ஒரு பிள்ளைக்கு ஓராண்டுக்கு 31,000 ரூபாய் ஆனது. இப்போது இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து ஓராண்டுக்கு ஆகும் செலவு அச்சுப்பிரதிக்கு 1,100, நோட்டு, வண்ணம், பசை வகைக்கு 1,600, உருப்பெருக்கிக் கண்ணாடி, அளவு நாடா, சுவர் வரைபடங்களுக்கு 650, வாயனசாலை (ஊர் நூலகம்) சந்தா 150 என்று 3,500 ரூபாய். இதற்கு மேல், ஆங்கிலம் பேசிப் பழக ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு மாதம் 500 வீதம் பத்து மாதம் தருகிறோம். பிள்ளைகள் மற்ற பிள்ளைகளோடு பழகுவார்களா என்ற கேள்வி இரண்டு வழிக்கும் பொது என்பதால் அதற்குள் போகவில்லை.

விலையைவிட என்னை முடிவெடுக்க வைத்தது வேறொன்று. ஆண்டு முடிந்ததும் வீட்டில் என்ன மிஞ்சுகிறது என்பதே அது. வீட்டில் இரண்டாவது பிள்ளை இருந்தால் இந்தக் கேள்விதான் செலவின் உண்மையான கணக்கு. மார்ச் 31 இரவோடு எங்கள் ஆன்லைன் கணக்கு மூடப்பட்டது. மறுநாள் காலையில் ஒரு பழைய வகுப்பைத் திரும்பப் பார்க்க உட்கார்ந்த மூத்தவன் எதிரே பணம் கட்டச் சொல்லும் பக்கம் மட்டும் வந்து நின்றது. பயிற்சி ஏடுகளில் விடைகளைப் பேனாவால் நிரப்பியிருந்தான். ஒட்டுப்படங்களைக் கிழித்து ஒட்டியாகிவிட்டது. இளையவளுக்கு அதே பாடம் வேண்டுமானால் இன்னொரு பெட்டி, இன்னொரு கணக்கு, சகோதரத் தள்ளுபடியாகப் பத்து சதவீதம் என்று சொன்னார்கள். 31,000 ரூபாயில் அடுத்த பிள்ளையின் கைக்கு வந்தது கணக்கு அட்டைகள் மட்டுமே, அதிலும் ஏழு அட்டைகளைக் காணோம்.

வீட்டில் சேர்த்ததில் ஏறக்குறைய எதுவும் இப்படிக் காலாவதியாவதில்லை. அடிப்படைக்கு அரசுப் பாடநூல்களை வைத்திருக்கிறோம். கேரளப் பாடநூல்கள் மலையாளம், ஆங்கிலம் மட்டுமன்றித் தமிழிலும் கன்னடத்திலும் அச்சாகின்றன என்பதும், தமிழ்நாட்டுப் பாடநூல்களை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம் என்பதும் எல்லையோரம் வாழ்பவர்களுக்குக் கிடைத்த இரட்டை வசதி. தமிழும் அறிவியலும் தமிழ்நாட்டுப் புத்தகத்தில், சமூக அறிவியல் கேரளத்தின் தமிழ்வழிப் புத்தகத்தில் என்று பிரித்துக்கொண்டோம். புத்தகத்தில் எழுதக் கூடாது, விடைகள் நோட்டில்தான் என்பது வீட்டுச் சட்டம். கதை வாசிப்புக்குப் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம். கழிவுப் பொருள்களில் அறிவியல் பொம்மை செய்யும் அரவிந்த் குப்தாவின் செய்முறைகளும் அப்படியே. கேரளத்தில் பி.என். பணிக்கர் 1945இல் தொடங்கிய நூலக இயக்கத்தின் பயனாக இங்கே நடந்துபோகும் தூரத்தில் ஒரு வாயனசாலை இருக்கிறது. பிள்ளைகளின் மலையாளம் அங்கேயும் பேருந்து நிறுத்தத்திலும்தான் வளர்ந்தது. பேருந்துப் பலகையில் பொள்ளாச்சி என்ற பெயரை இரண்டு எழுத்திலும் பார்த்த இளையவள், 'பொ'வில் முன்னால் கொம்பும் பின்னால் காலும் நிற்பது இரண்டு மொழிக்கும் ஒன்றுபோல இருக்கிறது என்று தானே கண்டு சொன்னாள்.

அடுத்த பிள்ளைக்கு மிஞ்சுவதில் முதலிடம் மழைக் குறிப்பேட்டுக்கு. இரண்டு லிட்டர் பாட்டிலின் மேற்பகுதியை அறுத்துத் தலைகீழாகச் செருகினால் மழைமானி தயார். பாட்டிலின் அடி மேடுபள்ளமாக இருந்ததால் முதலில் அளவுகள் தப்பாக வந்தன. சிமென்ட் கரைத்து ஊற்றிச் சமப்படுத்தி, அந்த மட்டத்திலிருந்து அளவுகோலை ஒட்டிய பிறகு சரியானது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். எங்கள் கூரையின் பரப்பு பத்துக்கு ஆறு மீட்டர் என்பதால், 23 மில்லிமீட்டர் பெய்த நாளில் 1,380 லிட்டர் விழுந்திருக்கிறது. இருநூறு லிட்டர் டிரம்களில் ஏறத்தாழ ஏழு. இந்தக் கணக்கில் பெருக்கல், பரப்பளவு, அலகு மாற்றம் மூன்றும் அடங்கிவிட்டன. பாலக்காட்டு மேற்குப் பகுதி இடவப்பாதியில் (தென்மேற்குப் பருவமழையில்) நனையும்போது எங்கள் சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதி ஏன் காய்கிறது என்ற கேள்வியும் அங்கிருந்தே வந்தது. இந்த ஜூனில் இளையவள் அந்த நோட்டைக் கையிலெடுத்து, போன ஆகஸ்டில் அண்ணன் போட்ட கூட்டலில் 9 மில்லிமீட்டர் குறைவதைக் கண்டுபிடித்தாள். அவன் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பெட்டிக்கும் நியாயமாக நடந்துகொள்ள வேண்டும். நாளை என்ன சொல்லிக்கொடுப்பது என்ற கவலையை அது முழுவதுமாகத் தீர்த்தது. இப்போதோ ஒவ்வொரு இரவும் அரை மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரம் நான் தயாராக வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் இரண்டு ரவிக்கை தைத்திருக்கலாம் என்று தோன்றாமல் இல்லை. பெற்றோர் இருவரும் காலையில் வேலைக்குப் போய் மாலையில் திரும்பும் வீட்டில், ஒரே பிள்ளை இருந்தால், நான் பெட்டியையே சொல்வேன். ஆனால் நேரலை வகுப்பு நமக்காக நிற்பதில்லை. ஒரு கல்யாணமும் ஒரு காய்ச்சலும் வந்த மாதத்தில் பதினோரு வகுப்புகள் சேர்ந்துபோய், பிள்ளை பாடத்தைக் கடன் போலப் பார்க்கத் தொடங்கினான்.

சான்றிதழ் விஷயத்தில் இரண்டும் ஒரே வாசலில்தான் போய் நிற்கின்றன. 1989இல் தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் 14 வயது நிறைந்தவர் பத்தாம் வகுப்புக்கு நிகரான தேர்வுக்குப் பதிவு செய்யலாம். ஐந்து பாடங்கள் போதும், ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு, பதிவு ஐந்தாண்டுக்குச் செல்லும், தமிழிலும் எழுதலாம். நடுவில் மனம் மாறினால், கல்வி உரிமைச் சட்டத்தின் நான்காம் பிரிவு வயதுக்கேற்ற வகுப்பில் சேர வழி தருகிறது. மூத்தவனுக்கு இப்போது 12 வயதுதான் என்பதால் இவையெல்லாம் விதியைப் படித்துச் சொல்வது, நடந்து பார்த்துச் சொல்வதல்ல. தேர்வு நெருங்கும்போது கணக்குக்கு வெளியாள் துணை தேவைப்படலாம் என்றும், அப்போது எங்கள் செலவு ஏறும் என்றும் எதிர்பார்க்கிறேன்.

மாறுவதென்றால் ஏப்ரலில் மாறுங்கள். பள்ளி மூடியதும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் பழைய பாடநூல்கள் கேட்ட மாத்திரத்தில் கிடைக்கும். மே கடைசிக்குள் அவை பழைய பேப்பர் கடைக்குப் போய்விடுகின்றன.