எழுவான் கோடு, படுவான் கோடு: மட்டக்களப்பில் ஒரு டென்னிஸ் வகுப்பு

மட்டக்களப்பு நகரில் வார இறுதிக் காலைகளில் பெரியவர்களுக்காக நடத்தப்படும் டென்னிஸ் வகுப்பொன்றில் எட்டு வாரங்கள் பயின்றேன். கட்டணம் பன்னிரண்டாயிரம் ரூபா. அடிக்கும் முறையைத் திருத்திக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் சேர்ந்தவர்கள் முதல் நாளிலேயே ஏமாந்திருப்பார்கள். ஏனெனில் இங்கே யாரும் உங்கள் மணிக்கட்டைப் பிடித்து நேராக்குவதில்லை. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, தோற்றுக்கொண்டிருப்பதற்கான காரணத்தைக் கண்டுபிடித்து, அதற்கேற்ப ஆடும் விதத்தை மாற்றுவது ஒன்றே இங்கு கற்பிக்கப்படுகிறது.

கூடைப்பந்தில் ஊறிய ஊர் இது. அதன் போட்டிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, அணி தடுமாறும்போது பயிற்றுவிப்பாளர் ஓய்வு கேட்டு, வீரர்களைச் சுற்றி நிறுத்தித் திட்டத்தை மாற்றும் காட்சி பழக்கமானது. டென்னிஸில் அப்படிக் கேட்டுப் பெறும் ஓய்வு கிடையாது. முதலாவது, மூன்றாவது, ஐந்தாவது என ஒற்றைப்படை கேம்கள் முடியும்போது பக்கம் மாறலாம். முதல் கேமுக்குப் பின் உட்காரவும் முடியாது, மற்றவற்றில் 90 வினாடிகள், செட் முடிவில் 120 வினாடிகள். திடலுக்கு வெளியிலிருந்து பயிற்றுவிப்பாளர் ஆலோசனை சொல்வதைச் சர்வதேச விதிகள் 2025 முதல் அனுமதிக்கின்றன என்றாலும், நம் ஊர்ப் போட்டிகளில் ஆலோசனை சொல்ல ஆள் இருப்பது அரிது. ஆகவே அந்த 90 வினாடிகளில் தன்னைத்தானே கேள்வி கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அதற்கு இவர்கள் கையாளும் கருவி ஒரு பாடசாலைக் கொப்பி. இருவர் ஆடும்போது மூன்றாமவர் வெளியே அமர்ந்து, ஒவ்வொரு புள்ளியும் எப்படி முடிந்தது, எந்தப் பக்கத்தில் நின்று ஆடியபோது முடிந்தது, தவறிய பந்து வலையில் விழுந்ததா, எந்தக் கோட்டைத் தாண்டியது என்று குறித்துக்கொண்டே வருகிறார். பக்கம் மாறும்போது ஆடியவர் அந்தக் கொப்பியைப் பார்க்கலாம். வேறு எதுவும் பேசக் கூடாது.

இதன் பயன் எனக்கு ஐந்தாவது வாரத்தில்தான் புரிந்தது. என்னிலும் பத்து வயது மூத்த அண்ணன் ஒருவரிடம் முதல் செட்டை 2-6 என இழந்திருந்தேன். அவர் பந்தைத் தாழ்வாகச் சீவி, மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருந்தார். அந்த ஸ்லைஸ்தான் என்னைத் தோற்கடிக்கிறது, இனி வலைக்கு ஓடிச் சென்று முடித்துவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு வந்து அமர்ந்தேன். கொப்பி வேறு கதை சொன்னது. நான் இழந்த இருபத்தொன்பது புள்ளிகளில் பதினேழு என் சொந்தத் தவறுகள்; அவற்றில் எட்டுப் பந்துகள் ஒரே கோட்டுக்கு வெளியே போயிருந்தன. “தம்பி, அவர் உங்களை வெல்லவில்லை, நீங்கள்தான் பந்தைக் கடலுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள்” என்றார் பயிற்றுவிப்பாளர்.

அன்று கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்தது. வெயில் கண்ணில் படாதிருக்க டென்னிஸ் திடல்களை வடக்குத் தெற்காக அமைப்பது வழக்கம் என்பதால், மேற்கிலிருந்து வரும் கச்சான் திடலைக் குறுக்காகக் கடந்து பந்தைக் கிழக்கே தள்ளுகிறது. பக்கம் மாறினால் நமக்கு இடமும் வலமும் மாறிவிடும், காற்று மாறாது. இதை விளக்கப் பயிற்றுவிப்பாளர் இடம், வலம் என்ற சொற்களையே விட்டுவிட்டு, வாவியின் இரு கரைகளுக்கும் நாம் வழங்கும் பெயர்களை எடுத்துக்கொண்டு, ஒற்றையர் ஆட்டத்தின் பக்கக் கோடுகளில் கிழக்கே இருப்பதை எழுவான் கோடு, மேற்கே இருப்பதைப் படுவான் கோடு என்று அழைக்கிறார். வடக்கு நோக்கி நிற்கும் வலக்கை ஆட்டக்காரர் ஃபோர்ஹாண்டில் (வலப்பக்கத்து அடியில்) குறுக்காக அடிக்கும் பந்து படுவான் கோட்டை நோக்கிப் போகிறது. காற்று அதை உள்ளே தள்ளிக் காப்பாற்றுகிறது. தெற்கு நோக்கி நின்று அதே அடியை அடித்தால் அது எழுவான் கோட்டை நோக்கிப் போய், காற்றோடு சேர்ந்து வெளியே விழுகிறது. அந்தப் பக்கத்தில் பாக்ஹாண்டில் (இடப்பக்கத்து அடியில்) குறுக்காக அடிப்பதே பாதுகாப்பு. ஃபோர்ஹாண்டைப் படுவான் கோட்டையொட்டி நேராக அனுப்பினால் காற்று அதைத் திடலுக்குள் கொண்டுவந்துவிடும். வெளியே போன என் எட்டுப் பந்துகளில் ஆறு, தெற்கு நோக்கி நின்று குறுக்காக அடித்த ஃபோர்ஹாண்டுகள்.

வலைக்கு ஓடவில்லை. இலக்கை மட்டும் மாற்றினேன். இரண்டாவது செட்டை 6-4 என வென்றேன். மூன்றாவது செட்டுக்குப் பதிலாக ஆடப்படும் பத்துப் புள்ளி டைபிரேக்கில் ஆறு புள்ளிகளுக்கு ஒருமுறை பக்கம் மாற வேண்டும். அந்த வேகத்தில் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்பதை இருமுறை மறந்து 8-10 எனத் தோற்றேன். இருந்தாலும் கட்டிய பணம் அந்த ஒரு காலையிலேயே எனக்குத் திரும்பிவிட்டதாகக் கருதுகிறேன்.

குறைகளும் உண்டு. விளக்கவுரைகளில் எடுத்துக்காட்டுகள் எப்போதும் பொருந்துவதில்லை. 1975 விம்பிள்டன் இறுதியாட்டத்தில் ஆர்தர் ஆஷ், எல்லோரும் வெல்வார் என்று எதிர்பார்த்த ஜிம்மி கானர்ஸை மெதுவான, தாழ்வான பந்துகளால் 6-1, 6-1, 5-7, 6-4 என வீழ்த்தியதை, ஆட்டத்தின் நடுவே உத்தியை மாற்றியதற்குச் சான்றாக இங்கே சொல்கிறார்கள். ஆஷ் அந்தத் திட்டத்தோடுதான் திடலுக்குள் வந்தார். மூன்றாவது செட்டை இழந்து, நான்காவதில் 0-3 எனப் பின்தங்கியபோதும் அவர் அதைக் கைவிடவில்லை என்பதால், மாற்றாமல் பொறுத்திருந்ததற்கே அது நல்ல சான்று. 1989 பிரெஞ்சு ஓபனில் பதினேழு வயது மைக்கல் சாங், முதல் இரு செட்களையும் இழந்த பின், தசைப்பிடிப்பால் ஓட முடியாத நிலையில் உயரமான, மெதுவான பந்துகளை அனுப்பியும், ஒருமுறை கீழ்க்கையால் சேர்விஸ் போட்டும் இவான் லெண்டிலை வென்றதுதான் இந்தப் பாடத்துக்கு உரிய கதை. புள்ளிப்பட்டியலை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு அவர்கள் காட்டும் 2019 விம்பிள்டன் இறுதியாட்டம் சரியான தேர்வு: அதில் ஃபெடரர் 218 புள்ளிகளும் ஜோகோவிச் 204 புள்ளிகளும் எடுத்தார்கள், கிண்ணம் ஜோகோவிச்சுக்குப் போனது.

பெரிய குறை நேரம். 90 வினாடி என்று கற்பிப்பவர்கள், பக்கம் மாறும்போது கொப்பியைப் புரட்ட நான்கு நிமிடம் விடுகிறார்கள். மூச்சு சீராகி, தண்ணீர் குடித்து, நிதானமாக எடுக்கும் முடிவு போட்டியில் கிடைக்கும் முடிவு அல்ல. மணிக்கூட்டைக் கையில் பிடித்தபடி ஒருவரை நிறுத்தினாலே இது தீர்ந்துவிடும். மேலும், கொப்பியைப் பிறர் எழுதித் தருவதால், அது இல்லாத நாளில் மனத்தால் கணக்கு வைக்கும் பழக்கம் கடைசி இரண்டு வாரங்களில் மட்டுமே, அதுவும் அவசரமாக, பயிற்றப்படுகிறது.

பந்துகளைப் பற்றிச் சொல்லாதிருக்க முடியாது. உப்புக் காற்றிலும் ஈரத்திலும் பலகாலம் கிடந்த பந்துகள் எழும்புவதே இல்லை. லொப் (எதிராளியின் தலைக்கு மேலால் உயர்த்தி அனுப்பும் பந்து) அடித்துப் பழகும் நாளில் அவற்றால் எதையும் அறிய முடியாது. அடுத்த தொகுதி மாரிமழை ஓய்ந்த பின் தொடங்குகிறது. சேர விரும்புகிறவர்கள் ஒரு டின் புதிய பந்துகளைத் தாமே வாங்கிக்கொண்டு போவது நல்லது. நான் வாங்கி வைத்துவிட்டேன்.