கொரில்லா உடைக்கு ரோமத் துணி வாங்குவோர் கவனத்திற்கு

ஹாலோவீனுக்காகப் பழைய திரைப்படங்களில் வருவது போன்ற ஒரு கொரில்லா உடையை வீட்டிலேயே தைக்க நினைத்து, இணையத்தில் செயற்கை ரோமத் துணி விற்கும் ஒருவரிடம் 240 டாலரை இழந்தேன். நியூஜெர்சியில் என்னைப் போல் வார இறுதிகளில் வேடங்கள் தைக்கும் தமிழ் நண்பர்கள் சிலர் இருப்பதால், நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

கொரில்லா உடையில் முகம், நெஞ்சு, உள்ளங்கை தவிர எல்லாமே ரோமம்தான் என்பதால் துணி கெட்டால் உடையே கெட்டுவிடும். 1933ஆம் ஆண்டின் ‘கிங் காங்’ படத்தில் வரும் ராட்சதக் கொரில்லா, பெரும்பாலான காட்சிகளில், முயல்தோல் போர்த்திய ஏறத்தாழ 18 அங்குலப் பொம்மைதான். படச்சுருளின் ஒவ்வொரு சட்டகத்துக்கும் அதைச் சற்றே தொட்டு நகர்த்திப் படமெடுத்தவர்களின் விரல்பட்டு ரோமம் கலைந்ததால், திரையில் அது தானாகச் சிலிர்ப்பதுபோல் தெரியும். ஹாலிவுட்டில் கொரில்லா வேடங்களுக்கே பெயர்பெற்ற, பிலிப்பைன்ஸில் பிறந்த சார்லஸ் ஜெமோரா, தம் உடைகளைத் தாமே செய்துகொண்டவர். எனக்கும் அந்தப் பேராசைதான் இருந்தது.

விற்பவர் காட்டிய படத்தில் நான்கு அங்குல நீளமுள்ள, அடர்ந்த கறுப்பு ரோமம் இருந்தது. எளிதில் தீப்பற்றாத மோடாக்ரிலிக் இழை என்றும், 60 அங்குல அகலத்தில் ஆறு கெஜம் ஒரே துண்டாக வரும் என்றும் எழுதியிருந்தார். விற்பனைத் தளத்தின் வழியாகச் செலுத்தாமல், நண்பருக்கு அனுப்பும் பணமாக நேரடியாக அனுப்பினால் 15 சதவீதம் குறைப்பதாகச் சொன்னார். அந்தச் சலுகைக்கு மயங்கியதே நான் செய்த முதன்மையான தவறு. அப்படி அனுப்பிய பணத்துக்குத் தளத்தின் பாதுகாப்பும் இல்லை, கடன் அட்டையில் செலுத்தியிருந்தால் வங்கியிடம் முறையிட இருந்திருக்கும் வழியும் இல்லை.

மூன்று வாரம் கழித்து வந்த பொட்டலத்தில் ஒரே துண்டுக்குப் பதில் மூன்று துண்டுகள் இருந்தன. இரண்டு கறுப்பு, மூன்றாவது, வெயிலில் பிடித்துப் பார்த்தால் தெளிவாகப் பழுப்பு, அதாவது வேறொரு முறை சாயமேற்றிய துணி. ரோமம் இரண்டு அங்குலத்தைத் தாண்டவில்லை. அடித்துணி காகிதம்போல் மொடமொடத்து, தையல் ஊசி இறங்கிய இடமெல்லாம் கிழிந்தது. ஈரக் கைக்குட்டையால் தேய்த்தால் சாயம் ஒட்டியது. உள்ளே வியர்த்துக்கொண்டு நிற்கப்போகிறவனுக்கு அது எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கடைசியாக ஒரு சிட்டிகை ரோமத்தைப் பிடுங்கி, வெட்டவெளியில் இடுக்கியால் பிடித்துக் கொளுத்தினேன். மோடாக்ரிலிக் என்றால் நெருப்பை விலக்கியதும் அணைந்துவிட வேண்டும். இதுவோ தொடர்ந்து எரிந்து, உருகிச் சொட்டி, கறுத்த கெட்டி மணியாக உறைந்தது. வாசல்தோறும் பூசணிக்காய்க்குள் மெழுகுவத்தி எரியும் இரவில் அணியப்போகும் உடைக்கு இந்தத் துணி!

படங்களோடு எழுதியபோது, அளந்து வெட்டிய துணியைத் திரும்பப் பெறுவதில்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. வெட்டியது அவர்தான் என்பதையும், நான் கேட்டது ஒரே துண்டு என்பதையும் நினைவூட்டியபின் பதிலே இல்லை.

ஆகவே துணிக்கு முன் ஒரு மாதிரித் துண்டைக் காசு கொடுத்தேனும் வரவழையுங்கள். ரோமத்தைப் பிரித்து அடித்துணி எவ்வளவு தெரிகிறது என்று பாருங்கள். விரலால் இழுத்தால் கொத்தாகக் கையோடு வரக்கூடாது. முழுத் துணி வந்தவுடன், கத்தி வைப்பதற்கு முன்பே, நீளத்தையும் ரோமம் சாயும் திசையையும் நிறத்தையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்துக்கொள்ளுங்கள். வெட்டும்போது கத்தரிக்கோலைத் தவிர்த்து, பின்புறத்திலிருந்து கூரிய கத்தியால் அடித்துணியை மட்டும் கீறினால் ரோமம் சேதமாகாது என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் என் துணியில் அந்தக் கவனமும் வீணாகத்தான் போயிற்று.

பிறகு ரயிலேறி மன்ஹாட்டனின் துணிக்கடைப் பகுதிக்கு நேரில் சென்று, பிடித்து இழுத்துப் பார்த்து மூன்று கெஜம் வாங்கினேன். தோளுக்கும் கைகளுக்கும் அது போதும். கால்களுக்கு அடுத்த மாதச் சம்பளம் வரவேண்டும்.