ஃபேமிலிசர்ச்: இலவச வம்சாவளித் தளமும் அதன் பின்னுள்ள மறுமைக் கோட்பாடும்

பழைய பதிவேடுகளில் மூதாதையரைத் தேட ஃபேமிலிசர்ச் அருமையான இணையதளம். கணக்குத் தொடங்கினால் போதும், கட்டணம் கிடையாது. நடத்துவது அமெரிக்காவில் தோன்றிய மோர்மன் எனும் கிறிஸ்தவ சபை. 1894இல் அமெரிக்காவின் யூட்டாவில் தொடங்கிய வம்சாவளிச் சங்கம்தான் இதன் வேர்.

இலவசத்துக்குக் காரணம் இறையியல். கிறிஸ்துவை ஏற்காமல் இறந்தவருக்கு அதோடு கதவு சாத்தப்படுவதில்லை என்கிறது இச்சபை. அவருடைய ஆவி 'ஆவிச் சிறையில்' காத்திருக்கும், அங்கேயும் நற்செய்தி சொல்லப்படும். ஆனால் ஞானஸ்நானத்துக்கு உடல் வேண்டுமே! எனவே உயிரோடிருக்கும் உறுப்பினர் ஒருவர் சபையின் கோயிலில் இறந்தவர் பெயரால் முழுக்குப் பெறுவார். அதற்கு இறந்தவரின் பெயர் விவரம் வேண்டும்; அதனால்தான் இந்தப் பதிவேட்டுத் தேடல். ஏற்பதும் மறுப்பதும் இறந்தவர் விருப்பம். ஆதாரமாகக் காட்டுவது பைபிளின் 1 கொரிந்தியர் 15:29. நித்திய நரகம் பேசும் சபைகளைவிட இது தாராளம்தான். கேட்காமலே செய்வதுதான் உறுத்தல். யூத இன அழிப்பில் மாண்டவர்களுக்கும் செய்ததால் எதிர்ப்பு எழுந்து, 1995இல் யூத அமைப்புகளுடன் உடன்பாடு செய்ய வேண்டிவந்தது.

பிறந்து 110 ஆண்டு ஆகாதவருக்குச் சடங்கு செய்ய, நெருங்கிய உறவினர் அனுமதி வேண்டும் என்பது விதி. சடங்கு விவரம் உறுப்பினரல்லாதோர் கணக்கில் தெரியாது. பெரிய குறை இதுவே.

குடும்ப மரம் எல்லோருக்கும் பொது, யாரும் திருத்தலாம். ஒரே பெயருள்ள இருவரைத் தவறாக இணைத்துவிடுவது அடிக்கடி நடக்கும். உங்கள் மூதாதையர் பக்கத்தில் 'பின்தொடர்' அழுத்தி வையுங்கள்; மாற்றம் நடந்தால் தகவல் வரும், மாற்ற வரலாற்றில் போய் மீட்கலாம். சில ஆவணப் படங்கள் வீட்டிலிருந்து திறக்காது, சபையின் ஃபேமிலிசர்ச் மையத்துக்குப் போக வேண்டும்.