மணல் பூச்சா, ஃபோம் ஷீட்டா?

ஃபைபர் படகின் தளத்தில் மீன் வழுவழுப்பும் டீசலும் சேர்ந்தால் கால் நிற்காது. வழுக்காமலிருக்க மணல் தூவிய பெயின்ட் பூசலாம், இல்லை மெத்தென்ற ஃபோம் ஷீட் ஒட்டலாம். வலை இழுக்கும் படகுக்கு நான் சொல்வது மணல் பூச்சுதான். தளத்தை உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, பெயின்ட் அடித்து, அது ஈரமாக இருக்கும்போதே உலர்ந்த குவார்ட்ஸ் மணலைத் தூவ வேண்டும். காய்ந்ததும் ஒட்டாததைப் பெருக்கிவிட்டு மேலே இன்னொரு கோட். கடற்கரை மணல் மட்டும் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்துப் பெயின்டை உரித்துவிடும். மணல் பூச்சில் முழங்கால் பட்டால் சிராய்க்கும், உண்மைதான். ஆனால் தேய்ந்த இடத்தை மட்டும் தேய்த்துப் பூசினால் போதும்.

ஃபோம் ஷீட் காலுக்கு இதம், ஒட்டுவதும் சுலபம். உல்லாசப் படகுக்குச் சரி. ஆனால் வலைப் படகில் நாளாக ஆக ஓரம் தூக்கும், அடியில் தண்ணீர் இறங்கும். தூண்டில் முள் கிழித்தால் அந்தத் துண்டையே பெயர்த்து, பழைய பசையை விரல் நோகச் சுரண்ட வேண்டும்.