கண் சிவந்தால் மருந்துக்கடையில் சொட்டு மருந்து கேட்டு வாங்காதீர்கள்

தம்பிக்கு ஒரு கண் மட்டும் சிவந்து நீர் வடிந்தது. மருந்துக்கடைக்காரர் பார்த்த மாத்திரத்தில், "மெட்ராஸ் ஐதான், இதைப் போடுங்க, ரெண்டே நாள்ல சரியாயிடும்" என்று ஒரு சொட்டு மருந்தை நீட்டினார். வலிக்கிறதா, வெளிச்சம் கூசுகிறதா, பார்வை மங்குகிறதா என்று ஒரு கேள்வி கிடையாது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று பெட்டியிலேயே அச்சிட்டிருந்தது.

போட்டதும் சிவப்பு வடிந்தது. அங்கேதான் ஏமாற்றமே. அதில் ஆன்டிபயாடிக்குடன் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் இருந்தது. அது சிவப்பை அடக்கும், கூடவே கண்ணின் எதிர்ப்புச் சக்தியையும் அடக்கிவிடும். அப்புறம் கிருமிக்குக் கொண்டாட்டம்தான். கொஞ்ச நாளில் அவனால் ஜன்னல் பக்கம் திரும்பவே முடியவில்லை.

கண் டாக்டர் சாயம் தோய்ந்த காகிதத் துண்டை இமைக்குள் தொட்டு எடுத்துவிட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தார். கருவிழியில் இருந்த புண் கிளை கிளையாகப் பச்சையாய் ஒளிர்ந்தது. சில இடங்களில் கிளைகள் சேர்ந்து திட்டாகியிருந்தன. ஹெர்பெஸ், உதட்டோரம் கொப்புளம் போடுகிறதே, அதே வைரஸ். ஸ்டீராய்டை நிறுத்தி, வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் களிம்பு தினம் 5 வேளை போடச் சொன்னார். புண் ஆறிவிட்டது, தழும்பு நிற்கிறது. அந்த வைரஸ் நரம்பில் பதுங்கியிருந்து மறுபடி வரலாமாம்.

பெட்டியைக் கொண்டுபோய்க் கேட்டேன். "எல்லாருக்கும் இதைத்தான் குடுக்கறேன், யாரும் வந்து சொன்னதில்ல" என்றார் கடைக்காரர். கண் போனவர் திரும்ப அந்தக் கடைக்கு எதற்கு வரப்போகிறார்?

சரி, நிஜமாகவே மெட்ராஸ் ஐயாக இருந்தாலும் அந்த மருந்து வீண்தான். பெரும்பாலும் அடினோ வைரஸால் வருவது அது. ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. 1 முதல் 3 வாரத்தில் தானாக அடங்கும். அதுவரை குளிர்ந்த ஒத்தடம், கண் ஈரத்துக்கான சாதாரணச் சொட்டு, தனித் துண்டு, அடிக்கடி கை கழுவுவது போதும்.

ஆனால் வலி, வெளிச்சக் கூச்சம், மங்கல் இதில் எது இருந்தாலும், கான்டாக்ட் லென்ஸ் போடுபவராக இருந்தாலும், அன்றே கண் டாக்டரிடம் போங்கள். பெட்டியில் டெக்ஸாமெத்தசோன், பிரட்னிசலோன், பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் அவர் சொல்லாமல் தொடாதீர்கள். டாக்டர் கண்காணிப்பில் இவற்றுக்கும் உபயோகம் உண்டு, அது வேறு கதை. ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால் சீசாவையும் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.